குந்தா மலையில் இணையம் எங்கே அறுபடுகிறது

வீட்டு இணையம் நின்றுபோனால் திரையில் தோன்றும் செய்தி எப்போதும் ஒன்றுதான்: இணைப்பு இல்லை. கோளாறு கணினிக்குள் இருக்கலாம். வைஃபையில், ரவுட்டரில், கம்பத்துக்குக் கம்பம் தாவிப் போகும் கேபிளில், பல கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள தொலைபேசி நிலையத்தில், இரண்டு டவர்களுக்கு நடுவே உள்ள வெட்டவெளியில்கூட இருக்கலாம். செய்தியைப் படித்து இடத்தைச் சொல்ல முடியாது. ஆகவே எதையும் கழற்றுவதற்கு முன்னால், எந்தக் கண்ணி அறுந்தது என்று கண்டுகொள்ள வேண்டும். ஊற்றிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் வரும் மலைக்கிராமத்தில் நீர் நின்றுவிட்டால், வீட்டிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்துக்கொண்டே ஏறுவார்கள். இணையத்துக்கும் அப்படி ஒவ்வொரு கண்ணியாகப் பார்ப்பதே முறை.

மஞ்சூரைத் தலைமையிடமாகக் கொண்ட குந்தா வட்டம் நீலகிரியின் தென்மேற்குப் பகுதி. படுகர் ஊர்களான ஹட்டிகளும், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளும், மின்வாரியக் குடியிருப்புகளும் சரிவுகளில் ஒன்றுக்கொன்று எட்டாத தொலைவில் அமைந்திருக்கின்றன. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை இந்த மலைகளில் நேராக வந்து மோதுகிறது. குந்தா மின்திட்டத்தின் அணைகளுள் ஒன்று நிற்கும் அவலாஞ்சியில், 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவானது. சென்னை ஓர் ஆண்டு முழுவதும் பெறும் மழையில் பாதிக்கும் மேலான அளவு அது. சமவெளி நகரத்து வீடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட வழிகாட்டிகள் மென்பொருளில் தொடங்குகின்றன. இந்த மலையில் அந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். மின்சாரம், ஈரம், மரம், மலைச்சரிவு ஆகிய நான்கையும் பார்த்து முடித்த பிறகே கணினியைச் சந்தேகிப்பது நியாயம்.

குந்தா என்றதும் தமிழகத்துக்கு நினைவு வருவது மின்சாரம். கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவின் உதவியோடு எழுந்த குந்தா புனல் மின்திட்டத்தின் முதல் நிலையங்கள் 1960 இல் ஓடத் தொடங்கின. இன்று ஆறு மின்நிலையங்களின் மொத்தத் திறன் 585 மெகாவாட். ஆனால் அங்கே பிறக்கும் மின்சாரம் உயர் அழுத்தக் கம்பிகளில் ஏறிச் சமவெளிக்குப் போய்விடுகிறது. பக்கத்து ஹட்டிக்கு வரும் மின்சாரமோ, சில்வர் ஓக்கும் யூகலிப்டஸும் சீகையும் நிற்கும் சரிவுகளின் ஊடே போகும் 11 கிலோவோல்ட் கம்பியில் வந்து, மின்மாற்றியில் இறங்கி, 230 வோல்ட்டாக வீட்டை அடைய வேண்டும். காற்றில் ஒரு கிளை உரசினால் போதும். மின்சாரம் போய்ப்போய் வரும். இணையக் கருவிகளைக் கெடுப்பதில் முழு மின்தடையைவிட இந்தப் போய்வருதல்தான் பொல்லாதது.

ரவுட்டருக்குத் தேவையானது பெரும்பாலும் 12 வோல்ட் நேர்மின்சாரம். அதைத் தருவது சுவரில் செருகிய சிறு அடாப்டர். அதற்குள் இருக்கும் மின்தேக்கிகள் மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கத்திலும் சூட்டிலும் மெல்ல மெல்லத் தளர்கின்றன. தளர்ந்த அடாப்டர் ரவுட்டரின் விளக்குகளை எரிய வைக்கும். ஆனால் நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் இணைந்து வேலை கூடும்போது மின்னழுத்தம் சரிந்து, ரவுட்டர் தானாக அணைந்து எழும். பார்ப்பவர்கள் ரவுட்டர் போய்விட்டது என்று முடிவு கட்டிப் புதிது வாங்குகிறார்கள். அதற்கு முன் அதே வோல்ட், அதே முனை அமைப்பு, அதே அளவோ கூடுதலோ ஆம்பியர் கொண்ட வேறொரு அடாப்டரைப் போட்டுப் பார்ப்பது சில நிமிட வேலை. வோல்ட் கூடினால் ரவுட்டர் கருகலாம். ஆம்பியர் கூடினால் ஒன்றும் ஆகாது, ரவுட்டர் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும்.

இன்வெர்ட்டர் இருந்தும் மின்சாரம் போகும்போதெல்லாம் மேசைக் கணினி அணைந்து எழுவது பல வீடுகளில் புரியாத புதிராக இருக்கிறது. கணினியின் மின்வழங்கிப் பெட்டி, உள்ளே தேங்கிய மின்னேற்றத்தைக் கொண்டு ஏறத்தாழ ஒரு வினாடியின் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் மட்டுமே தாக்குப்பிடிக்கும். வீட்டு இன்வெர்ட்டர் சாதாரண நிலையில் மின்கலத்துக்கு மாற அதைவிடக் கூடுதல் நேரம் எடுக்கும். விளக்குக்கும் மின்விசிறிக்கும் அது தெரியாது, கணினிக்குத் தெரியும். பெரும்பாலான இன்வெர்ட்டர்களில் யுபிஎஸ் நிலைக்கு மாற்றும் பொத்தான் ஒன்று உண்டு. அதை மாற்றிவைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்கிறது. மடிக்கணினிக்கு இந்தக் கவலை இல்லை. அதன் மின்கலமே இடைவெளியை நிரப்புகிறது. அடிக்கடி மின்சாரம் போகும் ஊரில் மேசைக் கணினியைவிட மடிக்கணினி நல்ல தேர்வு என்பதற்கு இது ஒன்றே போதிய காரணம்.

வீட்டில் ரவுட்டருக்கென்று சிறிய யுபிஎஸ் வைத்தாலும், மறுமுனையில் மின்சாரம் இருக்க வேண்டும். கைபேசி டவரின் மின்கலங்கள் சில மணி நேரம் தாங்கும். அதன் பிறகு டீசல் ஜெனரேட்டர். மண்சரிவால் சாலை அடைபட்டால் டீசல் ஏறாது. பெருமழையின் முதல் நாள் வேலை செய்த சிக்னல் இரண்டாம் நாள் ஊர் முழுவதும் ஒன்றாக மறைவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். அந்த நேரத்தில் வீட்டில் எதைக் கழற்றி மாட்டினாலும் பயனில்லை.

இடி மின்னல் வேறு கணக்கு. தென்மேற்குப் பருவம் இங்கே கொட்டித் தீர்த்தாலும் அதில் மின்னல் குறைவு. ஏப்ரல், மே மாதக் கோடை மழையும், அக்டோபர், நவம்பரில் மாலை நேரத்தில் திரளும் மேகங்களும்தான் கருவிகளைச் சுடுகின்றன. மின்னல் வீட்டின்மேல் விழ வேண்டியதில்லை. சற்றுத் தள்ளி விழுந்தாலும், நீண்டு போகும் செம்புக் கம்பிகளில் நொடிப்பொழுது பேரழுத்தம் தூண்டப்பட்டு அது வீட்டுக்குள் வந்துவிடும். மின்கம்பி, பழைய தொலைபேசிக் கம்பி, டிஷ் கேபிள், ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு இழுத்த லேன் கேபிள் ஆகிய நான்கும் அதன் பாதைகள். சுவிட்சை அணைத்தால் போதாது. பிளக்கையே பிடுங்க வேண்டும், இடி தொலைவில் கேட்கும்போதே. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் ஃபைபர் இணைப்பு இந்த வகையில் பாதுகாப்பானது. ஆனால் இழையைத் தாங்குவதற்காகக் கேபிளுக்குள் ஓடும் எஃகுக் கம்பி கடத்தும். அதை வீட்டுச் சுவரிலேயே வெட்டி நிறுத்தியிருக்க வேண்டும்.

மின்னலுக்குப் பிறகு கணினி ஓடுகிறது, வைஃபையும் வருகிறது, லேன் மட்டும் வேலை செய்யவில்லை என்றால், லேன் துளைக்குப் பின்னால் உள்ள சில்லு எரிந்திருக்கக்கூடும். யுஎஸ்பியில் செருகும் லேன் அடாப்டர் ஒன்று போதும், கணினியை மாற்றவேண்டாம். எர்த் இணைப்பையும் இங்கே சொல்லியாக வேண்டும். பாறையும் செம்மண்ணும் கலந்த சரிவில் புதைத்த எர்த் கம்பி, கோடையில் மண் காய்ந்ததும் பயனற்றுப் போகிறது. மின்னெழுச்சிப் பாதுகாப்புப் பட்டை என்று விலை கொடுத்து வாங்கும் மின்பலகைகூட அதிகப்படி மின்னழுத்தத்தைத் தள்ளிவிட நல்ல எர்த்தை நம்பியே இருக்கிறது.

ஈரம் சத்தமில்லாமல் கெடுக்கும். இரவில் குளிர்ந்து கிடந்த கணினியின் உலோகத்தில், காலையில் அடுப்பு மூட்டியதும் அறையில் பரவும் வெதுவெதுப்பான ஈரக்காற்று நீர்த்துளிகளாகப் படிகிறது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் நாட்களில் இது கூடுதல். அந்த நிலையில் மின்சாரம் கொடுப்பது ஆபத்து. அறை சூடேறி அரைமணி நேரமாவது கழிந்த பிறகு இயக்குவது நல்லது. மாதக்கணக்கில் மூடிவைத்த கணினியை இயக்கினால் திரை கறுப்பாகவே நின்று பீப் ஒலி மட்டும் வருவது குளிர்பிரதேச வீடுகளில் வழக்கமான கோளாறு. ரேம் பலகையின் தொடுமுனைகளில் ஈரத்தால் மெல்லிய படலம் படிந்திருக்கும். மின்சாரத்தை முழுவதும் துண்டித்து, பலகையைக் கழற்றி, தொடுமுனைகளை மென்மையான ரப்பரால் துடைத்துத் திரும்பச் செருகினால் பெரும்பாலும் உயிர் பெறுகிறது. கணினியைக் கீழ்த்தரையில் சுவரை ஒட்டி வைக்காமலும், விறகடுப்புப் புகை படியும் அறையில் வைக்காமலும் இருந்தால் இந்த வேலையே குறையும்.

இனி வீட்டுக்கு வெளியே. பழைய செம்புக் கம்பிவழி பிராட்பேண்ட் இன்னும் சில இடங்களில் மிச்சமிருக்கலாம். அதன் வேகம் தொலைபேசி நிலையத்திலிருந்து உள்ள கம்பி நீளத்தைப் பொறுத்தது. நான்கைந்து கிலோமீட்டரைத் தாண்டினால் பிடிப்பதே கடினம். மலையில் நேர்க்கோட்டுத் தொலைவு ஒரு கிலோமீட்டர் என்றால், வளைந்து வரும் கம்பியின் தொலைவு மூன்றாக இருக்கலாம். மழைக்காலத்தில் கம்பி இணைப்புப் பெட்டிகளில் நீர் ஏறி அரிப்பு உண்டாகிறது. தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்தால் கரகரவென்று கேட்கும். அந்த ஒலி கேட்டால் மோடத்தைக் குறைசொல்லவேண்டாம், கோளாறு பெட்டியில்.

ஃபைபரில் நோயறிவது இன்னும் எளிது, கருவியே சொல்லிவிடுகிறது. சுவரில் மாட்டிய ஃபைபர் மோடத்தில் எல்ஓஎஸ் (LOS) என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே வந்து சேரவில்லை. பான் (PON) என்ற விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தால் ஒளி வருகிறது, ஆனால் மறுமுனையோடு கைகுலுக்கல் முடியவில்லை. இரண்டும் சரியாக இருந்து இணையம் மட்டும் இல்லையென்றால் கணக்கு, கடவுச்சொல், கட்டணம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் வந்துசேரும் ஒளியின் அளவு டிபிஎம் என்ற அலகில் தெரியும். மைனஸ் 15 முதல் மைனஸ் 24 வரை நலம். மைனஸ் 27 பெரும்பாலான கருவிகளுக்குக் கடைசி எல்லை; அந்த அளவில் வரும் ஒளியின் திறன் ஒரு வாட்டின் ஐந்து லட்சத்தில் ஒரு பங்குதான். எண் மூன்று குறைந்தால் ஒளி பாதியாகிவிட்டது என்று பொருள். மழை பெய்யும்போது மட்டும் எண் சரிகிறதென்றால் வெளியே எங்கோ ஓர் இணைப்பில் நீர் புகுகிறது. நல்ல வானிலையில் எண்ணை ஒரு தாளில் குறித்துவைத்திருப்பவருக்கே இது தெரியவரும்.

ஒளி குறையக் காரணங்கள் பல. ஜன்னல் கதவில் நசுங்கிய கேபிள், ஆணியில் இறுக்கிச் சுற்றிய கேபிள் இரண்டிலும் இழை அளவுக்கு மீறி வளைந்து ஒளி பக்கவாட்டில் கசிகிறது. விரல்நீளத்துக்கும் குறைந்த விட்டத்தில் சுற்றவே கூடாது. வெளியே விழும் கிளை, கேபிளில் தொங்கி விளையாடும் குரங்கு, தாழத் தொங்குவதைக் கொம்பில் மாட்டிக்கொண்டு நடக்கும் காட்டெருமை என்று மலைக்கே உரிய காரணங்களும் உண்டு. முனையைக் கழற்றிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது. விரல் பட்டாலே பழுதாகும் அளவுக்கு இழையின் மையம் நுண்ணியது. அதில் வரும் ஒளி 1490 நானோமீட்டர் அகச்சிவப்பு என்பதால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் தெரியவில்லை என்று நம்பி உற்றுப் பார்ப்பது தகாது. கைபேசிக் கேமராவாலும் பார்க்க முடியாது. அதன் சிலிக்கான் உணரி அந்த அலைநீளத்துக்குக் குருடு. கேமராவில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் ஒளி வரவில்லை என்று முடிவு செய்வது தவறு.

ஃபைபர் எட்டாத சரிவுகளில் 4ஜி சிம் போட்ட ரவுட்டரோ கைபேசி ஹாட்ஸ்பாட்டோதான் இணையம். மூடுபனி இறங்கினால் சிக்னல் போய்விடும் என்பது மலையில் பரவலான நம்பிக்கை. பனி வரும் நேரமும் இணையம் போகும் நேரமும் ஒத்துப்போவது உண்மை. காரணம் பனி அல்ல. 4ஜி அலைகளின் நீளம் ஏறத்தாழ 13 சென்டிமீட்டர் முதல் 40 சென்டிமீட்டர் வரை. மூடுபனித் துளியோ மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு. அலை அதைக் கண்டுகொள்ளாமல் கடந்துவிடும். மணிக்கு 100 மில்லிமீட்டர் என்ற கொடும் மழையில்கூட 2 கிகாஹெர்ட்ஸ் அலை ஒரு கிலோமீட்டரில் இழப்பது அளவிடவும் சிரமமான ஒரு சொற்பம். ஆனால் ஃபைபர் இல்லாத டவர்கள் ஒன்றோடொன்று பேசுவது 15 அல்லது 23 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலையில். அதன் நீளம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர். அதே மழையில் 23 கிகாஹெர்ட்ஸ் அலை ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பத்தில் ஒரு பங்காகவும் அதற்குக் கீழும் தேய்ந்துவிடும். கைபேசியில் நான்கு கோடுகளும் நிறைந்திருக்க, ஒரு பக்கம்கூடத் திறக்காத மழை மாலைகளின் விளக்கம் இதில் இருக்கிறது. கைபேசிக்கும் டவருக்கும் இடையே எல்லாம் சரி. டவருக்கு அப்பால் அறுந்திருக்கிறது. சிம்மை மாற்றுவதும் கைபேசியை மறுதொடக்கம் செய்வதும் இதற்கு மருந்தாகாது.

மலை தருவது வேறொரு தடை: நிழல். வானொலி அலை முகட்டைத் தாண்டி ஓரளவே வளைந்து இறங்கும்; நீளமான அலை கூடுதலாக வளையும். ஆகவே 700, 850 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகள் பள்ளத்தாக்கு வீட்டை எட்டும் இடத்தில் 2300 மெகாஹெர்ட்ஸ் எட்டாது. ஒரு நிறுவனத்தின் சிம் முகட்டில் மட்டும் எடுப்பதும், பக்கத்து வீட்டில் வேறு நிறுவனத்தின் சிம் வீட்டுக்குள்ளேயே எடுப்பதும் இதனால்தான். 2020 இல் பள்ளிகள் மூடிக்கிடந்த காலத்தில் மலைக்கிராமப் பிள்ளைகள் கைபேசியோடு மேடு தேடி ஏறியதற்குப் பின்னாலிருந்த இயற்பியலும் இதுதான். டவர் இருக்கும் திசையைப் பார்த்த ஜன்னலில், தகரக் கூரையிலிருந்து விலக்கி ரவுட்டரை வைத்து, நாலு இடங்களில் மாற்றி மாற்றி வேகத்தை அளந்து பார்ப்பது வெளி ஆன்டெனா வாங்குவதைவிட முதலில் செய்யவேண்டியது. அளவீட்டை விடியற்காலையிலும் இரவு ஒன்பது மணிக்கும் எடுக்க வேண்டும். காலையில் வேகமும் இரவில் தவழலும் என்றால் ஊரே அந்த ஒரு டவரைப் பங்கிடுகிறது, வீட்டில் குறையில்லை.

வீட்டுக்குள் வைஃபையைச் சோதிக்க ஒரே நேர்மையான வழி, லேன் கேபிளால் கணினியை நேராக ரவுட்டரில் இணைப்பது. கேபிளில் இணையம் வந்து வைஃபையில் வராவிட்டால் தேடவேண்டிய பரப்பு பாதியாகச் சுருங்கிவிடும். பழைய லைன் வீடுகளின் தடித்த கல்சுவர்களை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை தாண்டுவது அரிது, 2.4 கிகாஹெர்ட்ஸ் சற்று ஊடுருவும், ஆனால் வேகம் குறைவு. மஞ்சூர் கடைவீதி போல நெருக்கமான இடத்தில் 2.4 இல் 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்களில் நெரிசலற்றதைத் தேர்ந்தால் முன்னேற்றம் தெரியும். தனித்து நிற்கும் வீட்டில் சேனலை மாற்றி ஒரு பயனும் இல்லை.

இவ்வளவும் சரியாக இருந்தால்தான் கணினியின் முறை. கணினிக்குக் கிடைத்திருக்கும் ஐபி முகவரியைப் பார்க்க வேண்டும். 192.168 என்று தொடங்கினால் ரவுட்டரோடு பேசிவிட்டது. 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து முகவரியே வரவில்லை. கணினி தானாக ஒன்றைச் சூட்டிக்கொண்டிருக்கிறது. அடுத்து 8.8.8.8 என்ற எண்ணுக்கு பிங் கட்டளை அனுப்பினால், பதில் வருவது இணையம் உயிரோடிருப்பதற்குச் சான்று. பதில் வந்தும் எந்தத் தளமும் திறக்கவில்லையென்றால், தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித்தரும் டிஎன்எஸ் சேவையில் கோளாறு. ரவுட்டர் அமைப்பில் 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று மாற்றினால் திறக்கும்.

வங்கித் தளமும் அரசுத் தளமும் மட்டும் பாதுகாப்பு எச்சரிக்கையோடு மறுத்தால், பலருக்கும் தோன்றாத ஒரு காரணத்தைப் பார்க்க வேண்டும்: கணினியின் கடிகாரம். மின்சாரம் இல்லாதபோது நேரத்தைக் காப்பது தாய்ப்பலகையில் உள்ள சிஆர்2032 என்ற நாணய வடிவ மின்கலம். அது தீர்ந்துபோனால் ஒவ்வொரு மின்தடைக்கும் கணினி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று உலாவி கருதிக் கதவைச் சாத்திவிடும். கடிகாரக் கடையிலேயே கிடைக்கும் அந்த மின்கலத்தை மாற்றுவதோடு வேலை முடிந்தது. ஹாட்ஸ்பாட்டை நம்பியிருக்கும் வீட்டில் இன்னொன்றும் உண்டு. நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி என்ற அளவை விண்டோஸின் புதுப்பிப்பு யாருக்கும் தெரியாமல் காலையிலேயே தின்றுவிடும். வைஃபை அமைப்பில் அந்த இணைப்பை அளவுள்ள இணைப்பு (metered connection) என்று குறித்துவிட்டால் அது காத்திருக்கும்.

புகார் செய்யவேண்டி வந்தால் விவரம் கூர்மையாக இருக்க வேண்டும். குந்தாவுக்கு வரும் பழுதுநீக்குநர் பெரும்பாலும் ஊட்டியிலிருந்தோ குன்னூரிலிருந்தோ கொண்டைஊசி வளைவுகளைக் கடந்து வருகிறார். நெட் வரவில்லை என்று மட்டும் சொன்னால் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, உரிய கருவியை எடுக்கத் திரும்பிப் போவார். எல்ஓஎஸ் சிவப்பு, இரவு மழைக்குப் பின், பக்கத்து மூன்று வீடுகளிலும் இதே நிலை என்று சொன்னால் அவர் வீட்டுக்கே வராமல் அறுந்த கம்பத்துக்கு நேராகப் போவார். அவர் வரும்வரை வீட்டில் செய்யக்கூடாத ஒன்று உண்டு. மோடத்தின் பின்னால் உள்ள ரீசெட் துளைக்குள் ஊசியை நுழைப்பது மறுதொடக்கம் ஆகாது; இணைப்பின் பயனர்பெயர், கடவுச்சொல், நிறுவனத்தின் அமைப்புகள் அத்தனையையும் அழித்துவிடும். கம்பத்தில் இழையை ஒட்டி ஒளி திரும்பி வந்த பிறகும் அந்த வீட்டில் மட்டும் இணையம் வராது. பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் இணைப்புத் தந்த அன்றே கேட்டு எழுதிவாங்கி, மோடத்தின் அடியில் ஒட்டிவைக்க வேண்டும்.